‘லவிங்கைண்ட்னஸ்’ என்னும் சொல்லும் நமது ‘கிருபை’யும்

ஆங்கிலச் சங்கீதங்களை வாசிக்கும் இறையியல் மாணவர் ‘லவிங்கைண்ட்னஸ்’ என்னும் கூட்டுச்சொல்லைக் கடந்தே செல்ல வேண்டும். மைல்ஸ் கவர்டேல் 1535இல் வெளியிட்ட ஆங்கில வேதாகமம் இதனை வழங்கிற்று. 1611ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பும் பேணிற்று. எபிரேய ‘ஹெசெத்’துக்கு ஈடாக நிற்கும் சொல் இது. கவர்டேல் எபிரேயத்தில் வல்லுநரல்லர். லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் இலத்தீனையும் துணைக்கொண்டே உழைத்தார். ஆயினும் அவருடைய சொல் மூலத்தின் உட்பொருளை நெருங்கி நிற்கிறது.

‘கைண்ட்’ என்பது இனம், குலம் எனப் பொருள்படும் பழைய ஆங்கில வேரினின்று பிறந்தது. ஆகவே அன்பும் உறவின் கடப்பாடும் இச்சொல்லில் இணைகின்றன. தமிழிலும் ‘கேள்’ என்பது உறவினரைக் குறிக்கும்; ‘கேண்மை’ உறவையும் நட்பையும் ஒருங்கே சுட்டும்.

1871இல் வெளிவந்த பவர் ஐயரின் மொழிபெயர்ப்போ ஹெசெத்தைச் சங்கீதங்களில் பெரும்பாலும் ‘கிருபை’ என்றும், ரூத் 1:8இல் ‘தயை’ என்றும், 2 சாமுவேல் 9:1இல் ‘தயவு’ என்றும், ஓசியா 6:6இல் ‘இரக்கம்’ என்றும் தருகிறது. இடத்திற்கேற்ற சொற்களே இவை. ஆயினும் நான்கின் பின்னும் நிற்பது ஒரே சொல் என்பது வாசகருக்குப் புலப்படுவதில்லை. புதிய ஏற்பாட்டின் ‘காரிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லும் ‘கிருபை’ ஆகிவிட்டமையால், தகுதியற்றவனுக்கு மேலிருந்து இறங்கும் ஈவு என்ற பொருளே செவியில் தங்குகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தின் ‘பேரன்பு’ கனிவுடையது. எனினும் உடன்படிக்கையின் உறுதி அதிலும் வெளிப்படையாயில்லை.

இவ்வுறுதியை மேவிபோசேத்தின் வரலாற்றில் காண்க. யோனத்தானுக்குக் கொடுத்த வாக்கினிமித்தம் தாவீது அவனுக்குச் சவுலின் நிலங்களைத் திருப்பிக் கொடுத்து, தன் பந்தியிலும் இடமளித்தான். இது அரசனின் மனம்போன சலுகையன்று, வாக்குத் தவறாமை.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் ஊழியஞ்செய்வோர்க்கு இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது முதல், உற்றார் உறவினரைப் பிரிந்து வேலை தேடி வருவோர் இங்கே பலர். ஒப்பந்தத் தொழிலாளிக்குத் ‘தயவு’ என்பது, இன்று மேற்பார்வையாளர் காட்டி நாளை மறுக்கக்கூடிய ஒன்று. அவன் செவியில் தேவனுடைய தயவும் அவ்வாறே ஒலிக்குமாயின், நம் பிரசங்கம் சங்கீதக்காரனுக்கு நீதிசெய்யவில்லை.

திருமறை வாசிப்பில் ‘கிருபை’ நிலைக்கட்டும். தலைமுறைகளின் ஜெபம் அதில் ஊறியுள்ளது. ஆனால் பிரசங்கபீடத்தில் அதனை ‘மாறாத உறவன்பு’ என விரித்துரைப்பது போதகரின் கடமை. கேளிர் அற்றவனுக்குத் தேவன் கேளிராயிருக்கிறார் என்பதே ஹெசெத். அவ்வாறு அறிவிக்கும் சபை, அவனுக்குத் தன் பந்தியிலும் இடமளிக்கக் கடமைப்பட்டது.