வேடமும் மெய்யும்

ஆண், பெண் என்னும் வரம்புள் அடங்காதாரைக் குறிக்கும் பெயரையும் உயர்திணைக்குள் வைத்தே தொல்காப்பியக் கிளவியாக்கம் பேசுகிறது. இலக்கணம் அளித்த இடத்தை இல்லம் அளித்ததா? திருநங்கையர் தாமே எழுதிய இரு தன்வரலாறுகள் இவ்வினாவை எழுப்புகின்றன. ஒன்று, லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' (2007), மற்றொன்று, அ. ரேவதியின் 'வெள்ளை மொழி' (2011).

ரேவதியின் நூலில், ஆண்பிள்ளையாக வளர்க்கப்படும் குழந்தை வாசலில் கோலமிடுகிறது. அக்காளின் பாவாடையை உடுத்தி மகிழ்கிறது. மாரியம்மன் திருவிழாவில் குறத்தி வேடம் புனைந்தபோது ஊரே களிக்கிறது. ஆனால், அக்குழந்தைக்குக் குறத்திக்கோலமே மெய். அதனைக் களைந்தபின் அணியும் ஆணுடையே வேடம். நூலின் உயிர்நாடி இவ்விடத்தில்தான் துடிக்கிறது. வேடமாக இருந்தவரை பொறுத்த குடும்பம், அதுவே வாழ்வு என்றறிந்ததும் அடிக்கக் கையோங்குகிறது.

வித்யாவின் தந்தையோ, பெண்மக்களுக்குப்பின் ஆண்மகனை வேண்டிப் பெற்றவர். கல்வியால் குடும்பம் உயருமென நம்பிப் பிள்ளையை வருத்துகிறார். அவர் கொடியவர் அல்லர். தம் முன் நின்ற பிள்ளையைக் காணாமல், தாம் கனவுகண்ட மகனையே நேசித்தவர். அவரை வெறும் பகைவராகத் தீட்டாமை இந்நூலின் சிறப்பாகும்.

மீசை அரும்பிக் குரல் தடிக்கும் பருவம் இத்தகைய பிள்ளைகளுக்குப் பெருந்துயர் ஆகலாம். அம்மாற்றத்தை மருந்தால் நிறுத்திவைக்கும் முறை 1990களில் நெதர்லாந்தில் உருவாயிற்று. சான்றுகள் போதா என்று கருதிய இங்கிலாந்தின் பொதுமருத்துவத் துறை, அதனை வழக்கமாக வழங்குவதை 2024இல் நிறுத்தியது. மருத்துவ அறிஞரிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும், அம்மருந்தை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்வதற்கு முன்னர், பெற்றோரும் பிள்ளையும் மனம்விட்டுப் பேசியாக வேண்டும். இவ்விரு நூல்களிலும் இல்லாதது அப்பேச்சே. பேச்சற்ற வீட்டைவிட்டு இருவரும் வெளியேறுகின்றனர். உடலைப் பற்றிய பெருமுடிவைப் பெற்றோர் துணையின்றியே எடுக்கின்றனர். முடிவெடுக்காதிருந்த பெற்றோரும் உண்மையில் ஒரு முடிவை எடுத்தவரே ஆவர்.

குறை ஒன்றும் சுட்டலாம். தன்வரலாறுகள் ஆதலின், பெற்றோரின் உள்ளம் இவற்றில் வெளியிலிருந்தே காட்டப்படுகிறது. பிள்ளையின் மெய்யை உணர்ந்தும் ஊருக்கஞ்சி ஊமையான தாயொருத்தியின் அகத்தை ஆழ்ந்து எழுதுவது படைப்பாளரின் கடன். அத்தகைய பிள்ளை வகுப்பறையின் கடைசி வரிசையிலும் அமர்ந்திருக்கக்கூடும். ஆசிரியர் இந்நூல்களைக் கற்க வேண்டுவது அதனாலேயே.