முளையில் தெரிந்ததா, மண்ணில் விளைந்ததா? பில் வால்ஷும் குவார்ட்டர்பேக்குகளும்

"ஒரு பையன் நாலு பந்து வீசினாப் போதும், வால்ஷ் சொல்லிடுவார்." சாண்டா கிளாராவில் நான் வேலை பார்த்த நாட்களில் பக்கத்து இருக்கைக்காரர் இதைச் சொல்லாத திங்கட்கிழமை இல்லை. வால்ஷ் என்பது பில் வால்ஷ். சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணிக்கு 1979 முதல் பத்து சீசன் தலைமைக் கோச். மூன்று சூப்பர் பௌல் வென்றவர். பத்திரிகைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் "ஜீனியஸ்". 2007இல் இறந்துவிட்டார்.

அவருக்கு இரண்டு புகழ் உண்டு. குவார்ட்டர்பேக்குகளை வளர்ப்பதில் அவரைப் போல் ஆள் இல்லை என்பது ஒன்று. குவார்ட்டர்பேக்கை எடை போடுவதிலும் அவரைப் போல் ஆள் இல்லை என்பது இன்னொன்று. எல்லாரும் இதை ஒரே புகழாகத்தான் சொல்கிறார்கள். நான் பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அது கொஞ்சம் என் சொந்தக் கதை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை வாங்கி, தன்னைச் சாய்க்க ஓடி வருகிற எதிரணி மேலே விழுவதற்குள், சுமார் மூன்று நொடியில், யாருக்கு வீசுவது என்று முடிவெடுத்து வீச வேண்டியவர். டிராஃப்ட் என்பது கல்லூரி வீரர்களை அணிகள் வருடா வருடம் வரிசை போட்டுத் தேர்ந்தெடுக்கும் நாள். போன வருடம் கடைசியில் இருந்த அணிக்கு முதல் வாய்ப்பு.

முதலில் வளர்த்த கணக்கைப் பார்ப்போம்.

வால்ஷ் சின்சினாட்டி பெங்கால்ஸில் உதவிக் கோச்சாக இருந்தபோது, அங்கே கிரெக் குக் என்று ஒரு பையன் இருந்தான். பீரங்கி மாதிரி கை. 1969இல் முதல் சீசனிலேயே தோள் போய்விட்டது. அடுத்த வருடம் கிடைத்தவர் வர்ஜில் கார்ட்டர். மூளை உண்டு, கையில் அந்த வலு இல்லை. தூரமாக வீச முடியாதவரை வைத்து என்ன செய்வது? பக்கத்தில் வீச வை. வால்ஷ் குட்டைப் பாஸ்களாகத் திட்டம் போட்டார். 1971இல், வீசிய பந்தில் சக வீரர் கையில் சேர்ந்த சதவீதத்தில் லீகிலேயே முதலிடம் கார்ட்டருக்கு. பின்னாளில் "வெஸ்ட் கோஸ்ட் அஃபென்ஸ்" என்று உலகப் பெயர் எடுத்த ஆட்டமுறையின் தொடக்கம் இதுதான். பெயர்தான் மேற்குக் கரை, பிறந்தது ஓஹையோவில்.

இதன் சூட்சுமம் கையில் இல்லை, காலில் இருக்கிறது. குவார்ட்டர்பேக் மூன்று எட்டு பின்வாங்கினால் இந்த ஆளுக்கு, ஐந்து எட்டு என்றால் அந்த ஆளுக்கு. அவன் மறிக்கப்பட்டிருந்தால் அடுத்தவன், அப்புறம் அதற்கடுத்தவன். ஓடுகிறவனும் எட்டு எண்ணித்தான் திரும்புவான். கண்ணும் காலும் ஒரே தாளத்துக்கு வரும் வரைக்கும் திரும்பத் திரும்பப் பயிற்சி. நம்ம ஊர்ப் பாட்டு வாத்தியார் சரளி வரிசையை விடாமல் பாட வைப்பது மாதிரி.

விளைவுக்கு ஸ்டீவ் டிபெர்க் ஒருவர் போதும். 1978இல், வால்ஷ் வருவதற்கு முந்தின வருடம், ஃபார்ட்டிநைனர்ஸுக்காக அவர் வீசியது 302, சேர்ந்தது 137. அதாவது 45 சதவீதம். 1979இல் வால்ஷ் வந்தார். அதே டிபெர்க் 578 வீசி 347 சேர்த்தார். 60 சதவீதம். அந்த 578, 347 இரண்டுமே அன்றைக்கு லீக் சாதனை. (அணி இரண்டு வருடமும் 16 ஆட்டத்தில் இரண்டுதான் வென்றது. அது வேறு சோகம்.)

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வர வேண்டும். குட்டைப் பாஸ் என்றால் சதவீதம் தானாகவே ஏறாதா? பையனைக் கெட்டிக்காரனாக ஆக்கினாரா, கேள்வித்தாளைச் சுலபமாக்கினாரா?

இரண்டும்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலையில் 1977, 78 சீசன்களில் வால்ஷ் கோச். அந்த இரண்டு வருடமும் கல்லூரி அளவில் சிறந்த பாஸருக்கான சாமி பா கோப்பை அவருடைய பையன்களுக்கே வந்தது. முதலில் கை பெஞ்சமின், அப்புறம் ஸ்டீவ் டில்ஸ். தொழில்முறை ஆட்டத்தில் இருவருமே பெரிதாக வரவில்லை. ஆக, வாத்தியாரின் கேள்வித்தாளுக்கும் அதில் பங்கு இருந்தது. ஆனால் டிபெர்க், வால்ஷை விட்டுப் பல வருடம் கழித்து, 1990இல் கான்சாஸ் சிட்டிக்காக ஆடி, 23 டச்டவுன் பாஸ் வீசி, எதிரணியிடம் நாலே நாலுதான் பறிகொடுத்தார். 1978இல் அவர் பறிகொடுத்தது 22. முழுப் பெருமையும் வால்ஷுக்கு என்று சொல்லவில்லை. ஆனால் கற்றது ஒட்டிக்கொண்டிருந்தது.

வளர்த்த புகழ் நிற்கிறது. இனி எடை போட்ட கணக்கு.

இதன் மூலக் கதை ஜோ மோன்டானா. 1979 டிராஃப்டில் மூன்றாம் சுற்று, 82ஆவது ஆள். அவருக்கு முன்னால் மூன்று குவார்ட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். "எல்லாரும் கோட்டைவிட்டார்கள், வால்ஷ் மட்டும் கண்டார்" என்பது கதை. ஆனால் வால்ஷ் அன்று முதலில் எடுத்த ஆள் மோன்டானா இல்லை. 29ஆவது இடத்தில் ஜேம்ஸ் ஓவன்ஸ். மோன்டானாவைப் பார்த்ததே ஓவன்ஸைச் சோதிக்க லாஸ் ஏஞ்சலிஸ் போன இடத்தில்தான். பந்து வீசிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே என்று வந்து நின்றவர் மோன்டானா. அதே வருடம் கிளெம்சனுக்கு ஸ்டீவ் ஃபுல்லர் என்ற குவார்ட்டர்பேக்கைப் பார்க்கப் போனார். ஃபுல்லர் வீசியதைப் பிடித்துக்கொண்டிருந்த அறைத்தோழன் டுவைட் கிளார்க்கைப் பத்தாம் சுற்றில் எடுத்தார். கடைசியில் மோன்டானா வீச, கிளார்க் பிடித்த ஒரு பந்துதான் அந்த அணியை 1982 ஜனவரியில் முதல் சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோனது.

வேறொன்றைப் பார்க்கப் போன இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளாமல் இருந்தார். இது பெரிய குணம், மறுக்கவில்லை. ஆனால் "பார்த்த உடனே தெரிந்தது" என்றால் 82 வரைக்கும் காத்திருக்க மாட்டார். பக்கத்தில் இன்னொரு அணி தூக்கிக்கொண்டு போயிருந்தால்?

எதிர்த்தரப்புக்கு உரியதையும் கொடுக்க வேண்டும். ஸ்டீவ் யங் 1987இல் வந்தபோது தம்பா பே அணியில் அவர் தொடங்கிய 19 ஆட்டத்தில் 3 வெற்றி. கழித்துக்கட்டப்பட்ட சரக்கு. அவரை வால்ஷ் விரும்பி வாங்கினார். யங் பின்னாளில் இரண்டு முறை லீகின் சிறந்த வீரர். நிர்வாகியாக 1999இல் திரும்பி வந்தபோது, டிராஃப்டில் யாருமே எடுக்காமல் கனடா லீகுக்குப் போயிருந்த ஜெஃப் கார்சியாவைக் கொண்டுவந்தார். அவரும் நாலு முறை புரோ பௌல் போனார். இது எடை போடும் திறமை இல்லையென்று யாரால் சொல்ல முடியும்?

ஆனால் அடுத்த வருடமே, 2000 டிராஃப்ட். அணிக்குக் குவார்ட்டர்பேக் தேவை. 65ஆவது இடத்தில் ஹாஃப்ஸ்ட்ரா கல்லூரியின் ஜியோவானி கார்மாசியை எடுத்தார்கள். ஒரே ஒரு சீசன் ஆட்டத்தில்கூட அவர் களம் இறங்கவில்லை. அதே டிராஃப்டில், ஃபார்ட்டிநைனர்ஸ் மைதானத்துக்குப் பக்கத்து ஊரான சான் மட்டேயோவில் பிறந்து, அந்த அணிக்கே ரசிகனாக வளர்ந்த ஒரு பையன் 199 வரைக்கும் உட்கார்ந்திருந்தான். பெயர் டாம் பிரேடி.

வால்ஷை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. ஆறு அணிகள் அன்று பிரேடிக்கு முன்னால் வேறு குவார்ட்டர்பேக்கை எடுத்தன. என் கேள்வி வேறு. யங்கும் கார்சியாவும் ஏற்கெனவே தொழில்முறை ஆட்டத்தில் அடிபட்டவர்கள். அவர்களிடம் எது கோளாறு, அதில் எது சரிசெய்யக் கூடியது என்று வால்ஷுக்குத் தெரிந்தது. அது வாத்தியாரின் கண். கார்மாசியைத் தேர்ந்தெடுத்தபோது அவர் வாத்தியார் இல்லை, அலுவலக அறையில் இருந்த நிர்வாகி. பையனை நேரடியாகக் கையில் எடுத்து வளர்க்கப் போவது வேறு ஆட்கள். "இவன் தேறுவானா" என்ற கேள்விக்குள் "யாரிடம்" என்பது ஒளிந்திருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பார்த்தால் ஜீனியஸுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதே அணி 2021இல் திரும்பவும் இதை நிரூபித்தது. இன்னொரு குவார்ட்டர்பேக் நிபுணரான கைல் ஷனஹன் காலத்தில், மூன்று முதல் சுற்று வாய்ப்புகளை உள்ளடக்கிய விலை கொடுத்து மூன்றாம் இடத்துக்கு ஏறி டிரே லான்ஸை எடுத்தார்கள். தொடங்கியது நாலு ஆட்டம். நடுவில் கணுக்காலும் உடைந்தது. 2023இல் ஒரு நாலாம் சுற்று வாய்ப்புக்கு அவரை டல்லாஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆவதாக எடுத்த பிராக் பர்டிதான் 2023 சீசனில் பாஸர் ரேட்டிங்கில் லீகிலேயே முதலிடம். பார்த்த கண் ஒன்றுதான், வளர்த்த கையும் ஒன்றுதான். லான்ஸுக்குப் போதிய காலம் கிடைக்கவில்லை என்பது உண்மை. கிடைத்திருந்தால் என்ன என்பதைத்தான் எந்தக் கண்ணாலும் முன்கூட்டிப் பார்க்க முடியாது.

இப்போது என் கதை. முன்பு வேலை பார்த்த கம்பெனியில் பல வருடம் நான் இன்டர்வியூ பேனலில் இருந்தேன். "அவர் ஓகே சொன்னா ஆள் சோடை போகாது" என்று ஒரு பெயர் எனக்கு. உள்ளூரப் பெருமைதான். வேலையை விட்டு வரும்போது பழைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். நான் எடுத்ததில் நன்றாக வந்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே ஒரே டீம் லீடிடம் போய்ச் சேர்ந்தவர்கள். சத்தம் போடாத அம்மா அவர். புதுப் பையன்களின் கோடை வரி வரியாகப் படித்து, சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவார். வேறு டீமுக்குப் போனவர்கள் பாதியில் நின்றார்கள். அவர்களைப் பற்றி அப்போது நான் சொன்னது: "செலக்‌ஷன் சரிதான், பையன்தான் சரியில்ல." நான் வேண்டாம் என்று அனுப்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று நோட்டில் ஒரு வரிகூட இல்லை.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். விளைந்த பிறகு சொல்கிற பழமொழி அது. களை எடுத்தவருக்கும் தண்ணீர் விட்டவருக்கும் அதில் இடம் இல்லை. பில் வால்ஷின் பெருமை அவர் கையில் இருந்தது. நாம் அதைக் கொண்டுபோய்க் கண்ணில் ஒட்டினோம், ஏனென்றால் கண்ணுக்குத்தான் கதை நன்றாக வரும். கைக்கு வருவது வெறும் பயிற்சி அட்டவணை.

அந்த அம்மாவுக்குப் போன மாதம் போன் செய்து இதைச் சொன்னேன். சிரித்தார். "இப்பத்தான் தெரிஞ்சுதா சார்?" என்றார்.