சட்டைப்பைச் சில்லறையும் இணையவழிப் புள்ளியியலும்

ஒரு பாடநூலைப் படித்து மதிப்பிடுவது எளிது. அந்நூல் வகுப்பறையை விட்டுக் கணினித் திரைக்குக் குடிபெயர்ந்த பின் அதற்கு என்ன நேர்ந்தது என்று மதிப்பிடுவது அவ்வளவு எளிதன்று. இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது அத்தகைய ஒரு நூலை. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் என்னும் பதிப்பகம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இன்ட்ரடக்டரி ஸ்டாட்டிஸ்டிக்ஸ்', அதாவது புள்ளியியல் அறிமுகம் என்பதே அது. இரண்டாம் பதிப்பு 2023இல் வந்தது. எழுதியவர்கள் பார்பரா இலாவ்ஸ்கி, சூசன் டீன் என்னும் இரு பேராசிரியைகள். இருவரும் கலிபோர்னியாவில் கூப்பர்ட்டினோ நகரிலுள்ள டி ஆன்சா கல்லூரியில் பாடம் நடத்தியவர்கள்.

டி ஆன்சா ஒரு சமுதாயக் கல்லூரி. நம் ஊரில் இப்பெயரைக் கேட்டதும் குறுகியகாலத் தொழிற்பயிற்சிதான் நினைவுக்கு வரும். அங்கே பொருள் சற்று வேறு. பள்ளிப் படிப்பை முடித்த எவரும் சேரக்கூடிய ஈராண்டுக் கல்லூரி அது. பகலில் கடையில் வேலை பார்ப்பவர், கைக்குழந்தையுடன் இருக்கும் தாய், நாற்பது வயதில் செவிலியராக விரும்புபவர் என எல்லோரும் அதில் மாணவர்களே. அங்கே ஈராண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்ந்துகொள்ளலாம். செவிலியம், உளவியல், வணிகவியல் போன்ற துறைகளுக்குச் செல்லும் வாயிலில் ஒரு பாடம் காவல் நிற்கிறது. அதுதான் தொடக்கநிலைப் புள்ளியியல். கலிபோர்னியாவின் கல்லூரிகளில் கட்டணம் அலகுக்கு 46 டாலர். நான்கு அலகுப் பாடத்துக்கு 184 டாலர். தவறினால் பணம் மட்டுமா போகிறது? அரையாண்டும் போகிறது; பல்கலைக்கழக இடம் தள்ளிப் போகிறது; சிலருக்குப் படிப்பே அத்துடன் நின்றுவிடுகிறது.

முன்னர் இப்பாடத்தை எட்டுவதே அரிதாக இருந்தது. நுழைவில் ஒரு தேர்வு வைத்து, இயற்கணிதத்தில் தேறாதவர்களை ஓராண்டோ அதற்கு மேலோ அடிப்படைக் கணக்கு வகுப்புகளில் உட்கார வைத்தார்கள். அவ்வகுப்புகளிலேயே களைத்து வெளியேறியவர் ஏராளம். இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியாதவருக்குச் சராசரியின் பொருளும் விளங்காது என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. 2017இல் இயற்றப்பட்ட ஒரு மாநிலச் சட்டம் இந்த வழக்கத்தை மாற்றியது. 2019 முதல் பெரும்பாலோர் நேரே புள்ளியியலில் சேர்கின்றனர். அவர்களில் பலர் வேலை, குடும்பம், பயணத் தொலைவு காரணமாக இணையவழி வகுப்பையே தேர்ந்தெடுக்கின்றனர். 2020இன் பெருந்தொற்றுக்குப் பின் இதைச் சொல்லவே வேண்டாம்.

இனி நூலுக்கு வருவோம். மொத்தம் பதின்மூன்று அதிகாரங்கள். மாதிரி எடுப்பதில் தொடங்கி, நிகழ்தகவு, இயல்நிலைப் பரவல், மைய எல்லைத் தேற்றம், நம்பக இடைவெளி, கருதுகோள் சோதனை என்று சென்று, மாறுபாட்டுப் பகுப்பாய்வில் முடிகிறது. நடை எளியது. எடுத்துக்காட்டுகள் அன்றாட வாழ்க்கையிலிருந்து வருகின்றன. விலையோ ஒரு காசும் இல்லை, எவரும் இறக்கிக்கொள்ளலாம். இவையெல்லாம் பாராட்டத்தக்கவை. ஆனால் நூலின் உயிர் இவற்றில் இல்லை. அதிகாரங்களின் இறுதியில் வரும் செய்முறைகளில்தான் இருக்கிறது.

ஏழாம் அதிகாரத்துச் செய்முறையைப் பாருங்கள். மாணவர்கள் தத்தம் பையிலுள்ள சில்லறையை எண்ண வேண்டும். தாள் பணம் கணக்கில் சேராது. முதலில் முப்பது பேரிடம் கேட்டுத் தொகைகளைக் குறித்துப் படம் வரைய வேண்டும். அப்படம் எப்படி இருக்கும்? பலரிடம் சில காசுகளே இருக்கும். ஒருவர் மட்டும் பை நிறைய வைத்திருப்பார். ஆகவே படம் ஒரு பக்கம் குவிந்து மறுபக்கம் வால் நீண்டிருக்கும். அடுத்து இருவர் இருவராகச் சேர்த்து, ஒவ்வோர் இணையின் சராசரியைக் குறிக்க வேண்டும். அதன் பின் ஐவர் ஐவராக. இப்போது வால் சுருங்குகிறது, நடு உயர்கிறது, மணி போன்ற வடிவம் மெல்லத் தலைகாட்டுகிறது.

ஏன் இப்படி நேர்கிறது? பை நிறையச் சில்லறை வைத்திருப்பவர் ஐவருள் ஒருவராகிவிட்டால், மற்ற நால்வரின் வெறும் பைகள் அவரை இழுத்து நடுவுக்குக் கொண்டுவருகின்றன. சராசரிகளின் சிதறல், குழுவின் அளவுக்குரிய வர்க்கமூலத்தால் வகுபடுகிறது. நால்வர் குழுவானால் சிதறல் பாதி. இருபத்தைவர் குழுவானால் ஐந்தில் ஒரு பங்கு. மைய எல்லைத் தேற்றத்தின் சாரம் இதுவே. தேர்தல் கருத்துக்கணிப்பும் மருந்துச் சோதனையும் தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாடும் இதன் மேல்தான் நிற்கின்றன. இதை ஒருவர் தம் பையிலிருந்தே கண்டறிகிறார் என்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு! இந்நூலின் பழைய வடிவத்துக்கு ஆசிரியைகள் இட்ட பெயரே 'கொலாபரேட்டிவ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்', கூடிக் கற்கும் புள்ளியியல் என்பதுதான்.

இதே செய்முறையை இணையவழி மாணவர் எப்படிச் செய்வார்? இரவு பதினொரு மணி. குழந்தை உறங்கிவிட்டது. எதிரே திரை மட்டும். யாருடைய பையை எண்ணுவது? (பணம் அட்டையிலும் கைப்பேசியிலும் குடியேறிவிட்டதால் வகுப்பறையிலும் இன்று சில்லறை கிடைப்பது அரிதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) ஆகவே பல பாடங்களில் இச்செய்முறை ஒன்று விடுபடுகிறது, அன்றி ஆசிரியர் தரும் ஆயத்த எண்களாக மாறுகிறது, அன்றிக் கணினியில் ஓடும் உருவகப் படமாகிறது. உருவகப் படத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஒரு பொத்தானை அழுத்தினால் பத்தாயிரம் மாதிரிகள் நொடியில் வந்து மணி வடிவம் எழுவதைக் கண்ணால் காணலாம். கரும்பலகையில் அது இயலாது. ஆனால் அந்த எண்களுக்குச் சொந்தக்காரர் எவரும் இல்லை. "சொல்லமாட்டேன்" என்று மறுப்பவர் இல்லை. தவறாக எண்ணியவர் இல்லை. தாள் பணத்தையும் சேர்த்துச் சொன்னவர் இல்லை. புள்ளியியல் என்னும் கலையில் பாதி இந்தத் தொல்லைகளைச் சமாளிப்பதுதான். தொல்லை இல்லாத எண்களைக் கொண்டு கற்றவர் கற்றது கணக்கு மட்டுமே.

மாணவர்களே இணையக் கலந்துரையாடலில் தத்தம் எண்ணைப் பதியட்டும் என்று சில ஆசிரியர்கள் விடுகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பதிபவர் யார்? அக்கறையுள்ளவர்களும் நேரம் உள்ளவர்களும். 1936இல் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் இதழ் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விடைத்தாள்களை எண்ணி, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார். யாருக்கு அனுப்பினார்கள், அவர்களுள் யார் விடை எழுதினார்கள் என்பதில்தான் பிழை ஒளிந்திருந்தது. இணைய வகுப்பின் இந்தக் குறையையே பாடமாக மாற்றலாம். "நம் வகுப்பில் விடையளிக்காதவர் யார்? அவர்கள் பையில் என்ன இருந்திருக்கும்?" என்று ஆசிரியர் கேட்டால் போதும். நூலில் அந்தக் கேள்வி இல்லை. நூல் எழுதப்பட்டது எதிரே மாணவர்கள் அமர்ந்திருக்கும் வகுப்புக்காக.

அடுத்தது மதிப்பெண். நூறு மாணவர்களின் வீட்டுப்பாடத்தை இணையத்தில் இயந்திரம் திருத்துகிறது. வாஷிங்டன் மாநிலத்தின் பியர்ஸ் கல்லூரிப் பேராசிரியர் டேவிட் லிப்மன் உருவாக்கிய 'மைஓப்பன்மேத்' என்னும் இலவச ஏற்பாடு இவ்வகையில் பரவலாகப் பயன்படுவது. ஒவ்வொரு மாணவருக்கும் வேறு வேறு எண்களைத் தந்து, விடையை உடனே சரிபார்க்கிறது. தவறினால் மீண்டும் முயலலாம். அச்சமின்றிப் பழகுவதற்கு இதைவிட நல்ல கருவி இல்லை. குறை எங்கே என்றால், எண் மாறுகிறதே தவிரக் கதை மாறுவதில்லை. மூன்றாம் முறை அதே கணக்கைக் காணும் மாணவர் கதையைப் படிப்பதை விட்டுவிடுகிறார். எந்த எண்ணை எந்தக் கட்டத்தில் இடுவது என்பதை மட்டும் கற்கிறார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 36 பேரிடம் வேலைக்குச் செல்ல எத்தனை நிமிடம் ஆகிறது என்று கேட்டோம். சராசரி 50. அவ்வூரின் திட்ட விலக்கம் 12 என முன்பே தெரியும். 12ஐ 36இன் வர்க்கமூலமான 6ஆல் வகுத்தால் 2. அதை 1.96ஆல் பெருக்கினால் 3.92. எனவே 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி 46.08 முதல் 53.92 வரை. இதை இயந்திரம் திருத்திவிடும். ஆனால் அதற்கு அடுத்த வாக்கியம்? "ஊரின் உண்மைச் சராசரி இந்த இடைவெளியில் இருப்பதற்கு 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு" என்று பெரும்பாலோர் எழுதுவர். அது சரியன்று. உண்மைச் சராசரி ஓர் எண். அது அங்கும் இங்கும் அசைவதில்லை. அசைவது நம் இடைவெளிதான். இதே முறையில் மீண்டும் மீண்டும் மாதிரி எடுத்தால், வரும் இடைவெளிகளுள் நூற்றுக்குச் சுமார் தொண்ணூற்றைந்து அந்த எண்ணைத் தம்முள் கொண்டிருக்கும் என்பதே பொருள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் மாணவர் புரிந்துகொண்டாரா என்பது தெரியும். அதை ஒரு மனிதர் படித்துத் திருத்த வேண்டும். இணையவழிப் பாடத்தில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே ஒழுங்கான, பயனுள்ள தொடர்பு இருக்க வேண்டும் என்று கலிபோர்னியாவின் கல்லூரி விதிகள் கூறுகின்றன. தொடர்பு என்பது வாரம் ஒரு சுற்றறிக்கை ஆகிவிட்டால் அந்த வாக்கியத்தைப் படிப்பவர் யார்?

2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் நிலைமை இன்னும் சிக்கலாகியிருக்கிறது. அந்த வாக்கியத்தையும் இப்போது இயந்திரமே எழுதித் தரும். கேட்டால், யாரும் எண்ணாத சில்லறையை முப்பது பேர் எண்ணியதாகவும் பட்டியலிட்டுத் தரும்.

கருதுகோள் சோதனையில் நூலின் மீதே எனக்குக் குறை உண்டு. பி-மதிப்பு குறித்த அளவுக்குக் கீழே இருந்தால் இன்மைக் கருதுகோளை விலக்கு, மேலே இருந்தால் விலக்காதே என்று நூல் பழக்குகிறது. மனத்தில் பதிய எதுகையுடன் ஒரு சொற்றொடரும் தருகிறது. எதுகை நன்றாகத்தான் இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. பி-மதிப்பு என்பது, இன்மைக் கருதுகோள் மெய்யென்று கொண்டால், நாம் கண்டதைப் போன்றோ அதைவிட மிகையாகவோ ஒரு விளைவு தற்செயலாக நேர எவ்வளவு வாய்ப்பு என்பதாகும். கருதுகோள் மெய்யாக இருப்பதற்கான வாய்ப்பு அன்று. ஓர் எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும் வைத்து அறிவியல் முடிவெடுக்கக் கூடாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் அறிக்கையே வெளியிட்டது. 2023இன் பதிப்பு அதற்கு உரிய இடம் தந்திருக்கலாம்.

இன்னொரு வேடிக்கை. நூல் இலவசம், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் டி.ஐ.-83, டி.ஐ.-84 என்னும் கணிப்பான்களில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று விளக்குகிறது. அக்கருவி புதிதாக வாங்கினால் நூறு டாலருக்கு மேல் ஆகும். பாடத்தின் கட்டணமே 184 டாலர் என்பதை நினைவிற் கொள்க. கணினி முன் அமர்ந்து படிப்பவரை, அக்கணினியிலேயே இலவசமாக இயங்கும் 'ஆர்' மொழியையோ அட்டவணைச் செயலியையோ விட்டுத் தனிக் கருவி வாங்கச் செய்வது எதற்கு? பொத்தான் வரிசையைப் பாடமாக்கியவருக்கு, அக்கருவி கைவிட்டுப் போனதும் புள்ளியியலும் போய்விடுகிறது.

இணையவழி வகுப்புகளைப் பற்றிய புள்ளிவிவரம் என்ன சொல்கிறது? கலிபோர்னியாப் பொதுக்கொள்கை நிறுவனம் 2014இல் அம்மாநிலச் சமுதாயக் கல்லூரிகளை ஆராய்ந்தது. மாணவர்களிடையே உள்ள வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த பின்னும், இணையவழி வகுப்பில் தேறுவோர் விகிதம் நேர் வகுப்பைவிட 11 முதல் 14 புள்ளிகள் குறைவாக இருந்தது. இதைக் கண்டதும் இணையத்தை மூடிவிடலாம் என்று தோன்றும். அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. சில பாடங்களையேனும் இணையத்தில் படித்தவர்கள், ஒன்றுமே அவ்வாறு படிக்காதவர்களைவிட, பட்டம் பெறுவதற்கோ பல்கலைக்கழகம் செல்வதற்கோ கூடுதல் வாய்ப்புடையவர்களாக இருந்தனர்.

இரண்டும் எப்படி ஒருங்கே மெய்யாகும்? முதல் ஒப்பீடு ஒரு வகுப்பை எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது ஒரு மனிதரின் பல ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது. வேலை நேரத்தோடு மோதும் பாடம் இணையத்தில் கிடைத்ததால் ஒருவர் படிப்பை நிறுத்தாமல் தொடர்ந்திருக்கலாம். அல்லது முடிக்கும் உறுதியுள்ளவர்களே இணையப் பாடத்தையும் தேடிப் போயிருக்கலாம். அப்படியானால் இணையம் காரணம் அன்று, அடையாளம் மட்டுமே. இவற்றுள் எது என்று பிரித்தறியும் திறனைத் தருவதற்காகத்தானே இந்தப் பாடமே! மாணவர் தம்மைப் பற்றிய இப்புதிரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு முதல் அதிகாரத்துக்குக் கிடைக்குமா? அடுத்த பதிப்பில் ஆசிரியைகள் இதைச் சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆங்கிலம் ஓரளவு படிக்க வரும் மாணவர்கள் இந்நூலை இறக்கி 1, 7, 8 ஆகிய அதிகாரங்களையாவது படித்துப் பாருங்கள். கணிப்பான் விளக்கங்களைத் தயங்காமல் தாண்டிச் செல்லுங்கள். செய்முறைகளைத் தாண்டாதீர்கள், நான்கைந்து நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு செய்யுங்கள். சில்லறை கிடைக்காவிட்டால், வகுப்பிலுள்ள ஒவ்வொருவரும் அன்று காலை வீட்டிலிருந்து வந்து சேர எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். விடை சொல்லாமல் நழுவியவர்களின் எண்ணிக்கையையும் தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள்.