ஒற்றை ஆட்டின் வழக்கு

ரமழானில் ஸூரா ஸாத் ஓதப்படும் இரவில், ஒலுவில் பள்ளிவாசல்களிலும் ஓர் ஆட்டு வழக்கு விசாரணைக்கு வருகிறது. மிஹ்ராபின் மதிலேறி இருவர் உள்ளே வர, நபி தாவூத் (அலை) திடுக்கிடுகிறார். ஒருவர் முறைப்பாடு சொல்கிறார்: இந்தச் சகோதரரிடம் 99 பெண்ணாடுகள், தம்மிடம் ஒன்றே ஒன்று, அதையும் கேட்கிறார், பேச்சிலும் மடக்கிவிடுகிறார்.

எபிரேய வேதத்திலும் ஓர் ஆட்டு வழக்கு உண்டு. சாமுவேலின் இரண்டாம் நூல், 11, 12ஆம் அதிகாரங்கள். நபிமார் பாவத்திலிருந்து காக்கப்பட்டவர்கள் என்று நம்பும் நாம், தாவீது என்று அந்நூல் அழைக்கும் தாவூத் நபியின் மீது அது சுமத்தும் குற்றத்தை ஏற்பதில்லை. ஆனாலும், ஆள்பவனை இறைவன் விசாரிக்கும் விதத்தை அது சொல்லியிருக்கும் அழகை நின்று பார்க்கத்தான் வேண்டும்.

போர்க்களத்தில் இருக்கும் உரியாவின் மனைவியை அரசன் அழைப்பித்து எடுத்துக்கொள்கிறான். பிறகு உரியாவைச் சாகவிடும்படி படைத்தலைவனுக்குக் கடிதம் எழுதி, அதை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்புகிறான். இத்தனை நடந்தும் 11ஆம் அதிகாரத்தில் இறைவன் பேசவே இல்லை. அரசன் செய்தது இறைவனுக்குப் பொல்லாததாய்ப் பட்டது என்ற செய்தி அதிகாரத்தின் கடைசி வரியில்தான் வருகிறது. எல்லாம் முடிந்துவிட்டது என்று அரசன் நினைக்கும் இடத்தில்தான் விசாரணை தொடங்குகிறது.

நாத்தான் தீர்க்கதரிசி வந்து கதை சொல்கிறார். செல்வந்தனின் மந்தைகளை ஒரே வரியில் கடந்துவிடுகிறார். ஏழையின் ஆட்டுக்குட்டியிடம் வந்ததும் அவர் நடை மெதுவாகிறது. அவன் விலை கொடுத்து வாங்கிய குட்டி, பிள்ளைகளோடு வளர்ந்தது, அவன் கவளத்தில் தின்றது, அவன் பாத்திரத்தில் குடித்தது, அவன் மடியில் படுத்தது, அவனுக்கு மகளைப் போல இருந்தது.

தின்றது, குடித்தது, படுத்தது. இந்த மூன்றையும் முந்திய அதிகாரத்தில் ஏற்கெனவே கேட்டிருக்கிறோம். வீட்டுக்குப் போ என்று அரசன் சொன்னபோது, தோழர்கள் வெட்டவெளியில் கிடக்க நான் மட்டும் போய் உண்டு, குடித்து, மனைவியோடு படுப்பதா என்று மறுத்தவன் உரியா. அவன் தனக்கு வேண்டாம் என்ற மூன்றையும் நாத்தான் ஆட்டுக்குட்டியின் மேல் வைக்கிறார். பெயர் சொல்லாமலே செத்தவனைச் சபைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்.

அரசன் கொதிக்கிறான். இதைச் செய்தவன் சாக வேண்டும், நாலு மடங்கு ஈடு கொடுக்க வேண்டும் என்கிறான். திருடி அறுத்த ஓர் ஆட்டுக்கு நாலு ஆடு என்பது யாத்திராகமச் சட்டம். சட்டம் அவனுக்கு நன்றாகவே தெரியும், தன்னைத்தான் தெரியவில்லை. அந்த மனிதன் நீயே என்கிறார் நாத்தான். எபிரேயத்தில் அது இரண்டே சொல். அரசன் தவறை ஒப்புக்கொள்கிறான், உயிர் தப்புகிறது. ஆனால் அந்த நாலு மடங்கு நாலு பிள்ளைகளின் வழியாக அவனிடம் அறவிடப்பட்டது என்று தல்மூத் கணக்குச் சொல்கிறது.

குர்ஆனின் அழகு வேறு. அங்கே மடியும் பாத்திரமும் இல்லை. 99க்கு 1 என்ற எண்ணிக்கையே போதும். நபி சோதிக்கப்பட்டதை உணர்ந்து, மன்னிப்புக் கேட்டுப் பணிந்து விழுகிறார். அவ்விடத்தில் நாம் செய்யும் ஸஜ்தாவை, அவருடைய தவ்பா ஏற்கப்பட்டதற்கு நன்றி செலுத்தும் ஷுக்ர் ஸஜ்தா என்கிறது நமது ஷாபிஈ மத்ஹப். கேள்வி கேட்கப்பட்ட ஆட்சியாளரின் தவ்பாவுக்காக இன்றும் நாம் நன்றி செலுத்துகிறோம் என்பது எவ்வளவு பெரிய பாடம்! அடுத்து 26ஆம் ஆயத்தில், பூமியில் கிலாபத் பெற்றவர் மன இச்சையைப் பின்பற்றாமல் நீதியாகத் தீர்ப்பளிக்கும்படி கட்டளை இறங்குகிறது.

ஆள்பவனிடம் நீதி கேட்பது இந்த மண்ணுக்கு அந்நியமல்ல. நீதி கேட்போர் அடிப்பதற்காக அநுராதபுரத்தில் எல்லாள மன்னன் கட்டிய ஆராய்ச்சி மணியை மகாவம்சமே போற்றுகிறது. அங்கே மணி அரண்மனையில் தொங்கியது. சாமுவேலின் நூலில் நாத்தானே மணியாக வருகிறார்.

துறைமுகம் 2013இல் திறக்கப்பட்ட ஊர் ஒலுவில். கடல் தன் கரையைத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரும்கூட. ஒன்றே ஒன்று வைத்திருப்பவன் அதை இழப்பது என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிரதேச சபை உறுப்பினர் முதல் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் வரை, பொறுப்பில் இருக்கும் எல்லோருக்கும் உரிய வழக்கு இது. ஆகவே கதீப்மாரே, ஒரு ஜும்ஆவில் இந்த ஒற்றை ஆட்டின் கதையை விரித்துச் சொல்லுங்கள். தலைவர்கள் முன் ஸப்பில் இருக்கும்போதே சொல்லுங்கள்.