பாட்டு கற்றுத்தரும் விசுவாசம்

மகன் தந்தைக்கு இணையானவர் அல்லர் என்று போதித்த ஆரியுஸ் தம் கொள்கையைப் பரப்பப் பாட்டை நம்பினார். கப்பலோட்டிகளுக்கும் மாவரைப்பவர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் அவர் பாட்டுக் கட்டிக் கொடுத்ததாகப் பழைய திருச்சபை வரலாற்றாசிரியர் பிலோஸ்தோர்கியுஸ் எழுதுகிறார். அந்தக் கொள்கை பாட்டோடு சேர்ந்தே பரவியது. 386இல் மிலான் நகரில் ஆரியுசைப் பின்பற்றியோர் ஆலயத்தைக் கேட்டு நெருக்கியபோது, உள்ளே காவலிருந்த மக்களுக்கு ஆயர் அம்புரோஸ் கற்றுக்கொடுத்ததும் பாட்டுதான்: தந்தை, மகன், தூய ஆவியைச் சேர்த்துப் போற்றும் பாட்டு.

1264இல் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவைத் திருத்தந்தை நான்காம் உர்பான் திருச்சபை முழுவதற்கும் ஏற்படுத்தினார். அதற்குத் தாமஸ் அக்குவினாஸ் எழுதியதாகக் கொள்ளப்படும் பாடல்கள் மறைக்கல்விப் பாடமாகவே அமைந்தவை. அப்பம் பிட்கப்பட்டாலும் கிறிஸ்து பிளவுபடுவதில்லை என்பதை அவை சந்தம் குலையாமல் சொல்கின்றன. திரெந்து சங்கம் 1551இல் சட்டமாக எழுதிவைத்ததைத் திருச்சபை ஏறக்குறைய 300 ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருந்தது.

1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டின் 121ஆம் எண், பாடல் வரிகள் கத்தோலிக்கக் கோட்பாட்டுக்கு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. அவை முதன்மையாக விவிலியத்திலிருந்தும் திருவழிபாட்டு ஊற்றுகளிலிருந்தும் எடுக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. தாய்மொழி வழிபாடு வந்ததும் புதுப் பாடல்கள் வெள்ளமாய் வந்தன. சலித்துப் பார்க்கும் வேலை பின்தங்கியது.

அந்த வேலையை அமெரிக்க ஆயர் பேரவையின் கோட்பாட்டுக் குழு 2020இல் கையில் எடுத்தது. ஆயர்களுக்கான அதன் வழிகாட்டி, பெயர் பெற்ற பாடல்களையே சுட்டுகிறது. சிட்னி கார்ட்டரின் 'லார்ட் ஆஃப் த டான்ஸ்' இயேசுவின் சாவுக்கு யூதர்களை ஒட்டுமொத்தமாகக் குற்றவாளிகளாக்குகிறது என்பது ஒரு குற்றச்சாட்டு. இதில் குழுவின் பக்கமே நியாயம். அந்தப் பழியை 1965இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் மறுத்துவிட்டது. புனித வெள்ளியில் யூதர்களுக்காக மன்றாடிவிட்டு ஞாயிறன்று அவர்களைப் பழிக்கும் பாட்டைப் பாட முடியாது.

மார்ட்டி ஹாகனின் 'ஆல் ஆர் வெல்கம்' பற்றிய குறை, திருச்சபையை நாம் கட்டும் வீடாக அது காட்டுகிறது என்பது. அவருடைய 'நவ் இன் திஸ் பேங்க்வெட்' நற்கருணைக் கோட்பாட்டில் குறையுள்ள பாடல்களின் வரிசையில் வருகிறது. நற்கருணையை அப்பம் என்று பாடுவதே பிழை என்றாகிவிடுமோ என்று இங்கே நான் சற்றுத் தயங்குகிறேன். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, உண்ணப்படுவதை அப்பம் என்றே சொல்கிறார். திருப்பலியின் நினைவு ஆர்ப்பரிப்பிலும் அச்சொல் உண்டு. ஆகவே ஒரு பாட்டில் 'அப்பம்' என்று வந்ததாலேயே அது பிழையாகிவிடாது. வழிகாட்டியின் உண்மையான கவலை வேறு. அப்பமும் இரசமும் பகிரும் தோழமை விருந்து என்று மட்டுமே ஆண்டு முழுவதும் பாடிப் பழகிய சபை, பலிபீடத்தில் இருப்பவர் யார் என்பதை மெல்ல மறந்துவிடும். அந்தக் கவலை முற்றிலும் சரி. ஆனால் அதற்கு மருந்து தனிப்பாடலைத் தடைசெய்வது மட்டும் அல்ல. பங்கின் ஓராண்டுப் பாடல் பட்டியலை மொத்தமாக எடுத்து எடைபோடுவதும்தான்.

பாடல்களைத் திருத்தினால் சண்டை வரும் என்று அஞ்சவும் வேண்டாம். திருவழிபாட்டில் 'யாவே' என்ற திருப்பெயரைப் பாடவோ உச்சரிக்கவோ வேண்டாம் என்று 2008 ஜூன் 29இல் வத்திக்கான் கடிதம் எழுதியது. அமெரிக்காவில் டான் ஷூட் எழுதிய பிரபலமான பாடல் அப்பெயரோடு தொடங்கியது; அதன் தொடக்கமே மாற்றப்பட்டது. மக்கள் இன்றும் அதைப் பாடுகிறார்கள்.

தமிழ்த் திருப்பலிக்கும் அதே 121ஆம் எண்தான் விதி. நம் பாடகர் குழுவினரும் பங்குத்தந்தையும் ஒரு மாலை உட்கார்ந்து, கடந்த ஆண்டு பாடிய நற்கருணைப் பாடல்களை மெட்டில்லாமல் உரைநடைபோல வாசித்துப் பாருங்கள். வாங்கி உண்பது ஆண்டவரின் உடல் என்று அவற்றில் எத்தனை தெளிவாகச் சொல்கின்றன என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை குறைவாக இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கான பாடல்களிலிருந்தே திருத்தத் தொடங்குங்கள்.