துவையல் தவசும் இல்லறமும்: அகிலத்திரட்டு அம்மானை காட்டும் தவநெறி

தவம் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே காடும் மலையும் தனிமையும் நம் கருத்திற்கு வருதல் இயல்பு. மனைவி மக்களை நீத்தானே தவத்திற்கு உரியன் என்பது நெடுநாளாக வேரூன்றிவிட்ட எண்ணம். இவ்வெண்ணத்தைக் கொண்டே அகிலத்திரட்டு அம்மானையையும் அறிஞர் சிலர் அளந்துள்ளனர். வைகுண்டர் ஆறாண்டு தவமிருந்தார்; அவர் வழியினர் கடற்கரையில் தவசு புரிந்தனர்; ஆதலின் இது துறவு நூல் என்பது அன்னோர் முடிபு. இம்முடிபு நூலின் போக்கிற்கு ஒவ்வாது என்பது எம் கருத்து. அதனை நிறுவுதலோடு, எம் கருத்திற்கு மாறாக நூலகத்தே நிற்கும் சான்றினையும் மறையாது எடுத்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் நூலின் வடிவத்தை நோக்குவோம். பதினையாயிரத்திற்கும் மேற்பட்ட அடிகளையுடைய இவ்வம்மானையைக் கொல்லம் 1016-ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்களில் தென்தாமரைகுளத்தைச் சார்ந்த அரிகோபாலன் சீடர் ஏட்டில் எழுதினார் என்பது வழிவழிச் செய்தி. தாம் எழுதுகோலே அன்றி ஆசிரியர் அல்லர், உரைத்தவன் இறைவனே என்பது அவர்தம் கொள்கை. அவ்வாறு உரைக்கும் இறைவன் யார்க்கு உரைக்கின்றான்? திருமகளுக்கு. உலகத் தோற்றம் முதல் கலியின் அழிவு ஈறாக நிகழ்ந்தனவும் நிகழவிருப்பனவும் கணவன் தன் மனைவிக்குக் கூறும் கூற்றாகவே நூல் அமைந்துள்ளது. அம்மானையோ மகளிர் விளையாட்டிலிருந்து பிறந்த பாவகை. குருவும் மாணாக்கனும் எதிரெதிர் அமர்ந்து மெய்ப்பொருள் ஆராயும் முறையைத் துறவு நூல்கள் பல மேற்கொள்ள, இந்நூல் இல்லத்துத் தலைவனையும் தலைவியையும் அவ்விடத்தில் இருத்துகின்றது. இவ்வடிவத்தைத் தற்செயல் என்று ஒதுக்குவார் உளராயின், அவர் நூலைப் பொருளாக மட்டும் படித்துப் பாட்டாகப் படியாதவர் என்றே கூறல் வேண்டும்.

இனி, எமக்கு எதிராக நிற்கும் சான்று. முத்துக்குட்டி என்னும் பெயருடையார் நோயுற்ற நிலையில் கொல்லம் 1008-ஆம் ஆண்டு மாசித் திங்களில், அஃதாவது 1833-இல், திருச்செந்தூர்க் கடலுட் புகுந்து, மூன்றாம் நாள் வைகுண்டராக வெளிப்பட்டார் என்று அகிலம் பாடுகின்றது. கரையில் அழுது நின்ற தாய் மகனே என்று அழைக்கின்றாள். அவரோ, இருபத்துநான்கு ஆண்டுகள் நீ எனக்குத் தாய். இனி யான் நாரணன் மகன் என்னும் பொருள்பட விடையிறுக்கின்றார். பெற்ற தாயின் உறவை அறுக்கும் இச்சொல் துறவியின் சொல்லன்றோ எனின், ஆம், துறவியின் சொல்லே. பட்டினத்தார் வரலாற்றைப் பயின்றோர்க்கு இக்காட்சி புதிதன்று. அதன்பின் அவர் பூவண்டன்தோப்பில், இந்நாளில் சாமித்தோப்பு எனப்படும் இடத்தில், ஆறாண்டு தவமிருந்தார். முதலீராண்டு ஆறடி ஆழக் குழியுள் நின்றும், அடுத்த ஈராண்டு தரைமேல் அமர்ந்தும், இறுதி ஈராண்டு மேடைமேல் இருந்தும் அத்தவம் நிகழ்ந்தது. இவ்வளவோடு கதை முடிந்திருக்குமாயின் எம் கருத்தை யாமே கைவிட்டிருப்போம்.

ஆயின் அத்தவத்தின் பயன் யாது என்பதனை நூலே வகுத்துரைக்கின்றது. முதல் தவம் யுகத்தின் பொருட்டு. இரண்டாவது சாதியின் பொருட்டு. மூன்றாவது பெண்ணினத்தின் பொருட்டு. தன் வீடுபேற்றிற்கென ஒரு கூறும் ஒதுக்கப்படவில்லை. பெண்ணைத் தவத்தின் இடையூறாகக் கருதும் நூல்கள் நம் மொழியிற் பல. பெண்ணின் பொருட்டே ஈராண்டு தவம் இயற்றப்பட்டது என்னும் நூல் எத்துணை அரிது என்பதனைப் பயில்வோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முலை மறைக்கும் உரிமைக்கும் மகளிர் போராட வேண்டியிருந்த திருவிதாங்கூர் நாட்டில் இது பாடப்பட்டது என்பதும் உடன்வைத்து எண்ணத்தக்கது.

மேலும், வைகுண்டரின் முன்னை வாழ்வை நூல் மறைக்கவில்லை. சம்பூரணதேவன், பரதேவதை என்னும் வானவர் இருவரின் காதலே நிலவுலகில் முத்துக்குட்டியும் திருமாலம்மாளும் ஆகியது என்பது அகிலத்தின் கதை. திருமாலம்மாள் முன்னர்ப் பிறர் ஒருவர்க்கு மனைவியாயிருந்து, பின்னரே முத்துக்குட்டியோடு வாழ வந்தவள் என்பதனையும் அது ஒளியாது கூறுகின்றது. சமயத் தலைவர் ஒருவர்க்கு வரலாறு எழுதுவோர் அவரைப் பிறவியிலேயே பிரமசாரியாக்கிக் காட்ட விழைதல் வழக்கம். அரிகோபாலன் சீடர்க்கு அத்தகைய கூச்சம் சிறிதும் இல்லை. இதனைப் பின்வந்த உரைகாரர் சிலர் சுற்றி வளைத்து விளக்க முற்படுதல் நூலின் நேர்மையை மறைப்பதாகவே முடிகின்றது.

எம் கருத்திற்கு நடுநாயகமாக நிற்பது துவையல் தவசு. திருவிதாங்கூர் அரசின் சிறையினின்று வைகுண்டர் மீண்ட பின்னர், எழுநூறு குடும்பத்தார் கன்னியாகுமரியை அடுத்த வாகைப்பதிக்குச் சென்று தவமிருந்தனர் என்பது அகிலம் கூறும் செய்தி. ஈண்டுக் 'குடும்பம்' என்னும் சொல்லைக் கடந்து செல்லலாகாது. சென்றோர் ஆடவர் மட்டும் அல்லர். மனைவியரும் குழவிகளும் உடன் சென்றனர். நாடோறும் மூன்று முறை கடலில் நீராடல், உடுத்த ஆடையைத் தாமே துவைத்தல், பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்த உணவை ஒருவேளை உண்ணல், ஊன் விலக்கல், இறைவன் பெயரைப் போற்றல் ஆகியனவே அத்தவத்தின் உறுப்புக்கள். பின்னர் அது முட்டப்பதியில் தொடர்ந்தது.

துவைத்தலும் சமைத்தலும் குளித்தலும் இல்லத்துத் தொழில்கள். நாடோறும் வீட்டில் நிகழும் இவற்றை எடுத்துத் தவத்தின் உறுப்புக்கள் ஆக்கியதே துவையல் தவசின் புதுமை. அக்காலத்து இம்மக்கள் தூய்மையற்றோர் எனக் கோயில் வாயிலில் தடுக்கப்பட்டோர். ஊர்க்கிணற்றில் நீர் முகக்கவும் உரிமை மறுக்கப்பட்டோர். அன்னோர்க்குத் தூய்மை என்பது துறந்து பெறும் பொருளாக இருத்தல் இயலாது. துறப்பதற்கு அவரிடம் யாது இருந்தது? உடைமை உடையான் துறத்தல் பெருமை. உடைமையே மறுக்கப்பட்டானுக்குத் துறவு கற்பித்தல் அவனை உள்ள நிலையிலேயே இருத்துதலாக முடியும். ஆகவே வைகுண்டர் நெறி வீட்டை விடச் சொல்லவில்லை. வீட்டையே கடற்கரைக்குக் கொண்டுசென்று கழுவி மீட்டது. தவம் என்னாது 'தவசு' என்னும் நாட்டுவழக்கையே நூல் பெரிதும் ஆளுதலும் இவ்வெளிமைக்கு ஒத்ததாகும்.

இந்நெறி தமிழுக்கு முற்றிலும் புதியதோ எனின், அன்று. திருவள்ளுவர் இல்லறவியலுக்கு 20 அதிகாரமும் துறவறவியலுக்கு 13 அதிகாரமும் வகுத்தார். பிறரையும் நல்வழியில் ஒழுகச் செய்து தானும் அறம் வழுவாத இல்வாழ்க்கை, நோற்பாரது நோன்பினும் வலிது என்பது அவர் துணிபு. தவம் பற்றிய அதிகாரத்திலேயே, துறந்தார்க்கு உணவு முதலியன உதவ வேண்டித்தான் ஏனையோர் தவத்தை மறந்தனரோ என வியக்கின்றார். பரிமேலழகர் இல்லறத்தைத் துறவறத்திற்கு ஏறும் படியாக அமைத்தது அவர் காலத்துக் கொள்கை. தொல்காப்பியர் கற்பியலில் தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் கூடிச் சிறந்ததனைப் பயிலுதலைக் காமம் கழிந்த வாழ்வின் பயனாகக் கூறுகின்றார். மனைவியை நீத்தல் அங்கும் பேசப்படவில்லை. வாகைப்பதிக் கடற்கரையில் எழுநூறு குடும்பத்தார் செய்தது இப்பழங்கருத்தின் நாட்டுப்புற வடிவம் என்று கொள்ளுதல் மிகையாகாது. அவர் தொல்காப்பியம் பயின்றிருந்தனர் என்பது எம் கருத்தன்று.

ஒப்புநோக்கிற்குப் பாஞ்சாலத்துச் சீக்கிய நெறி பெரிதும் பயன்படும். குரு நானக்கும் (1469-1539) சுல்தான்பூரில் ஆற்றினுட் புகுந்து மூன்றாம் நாள் வெளிப்பட்டார் என அவர்தம் வரலாற்றுக் கதைகளாகிய சனம்சாகிகள் கூறும். அவரும் மனைவி சுலக்கணியையும் மக்கள் இருவரையும் விட்டு நெடும்பயணம் மேற்கொண்டார். ஆயின் இறுதியில் கர்த்தார்பூரில் குடும்பத்தோடு தங்கி உழவு செய்து வாழ்ந்தார். இல்லத்தைத் துறந்த யோகியர் உணவுக்கு இல்லத்தார் வாயிலிலேயே வந்து நிற்றலை அவர் எள்ளியுரைத்தார். இரு நெறிகட்கும் இடையே தொடர்பு இருந்தது என்று யாம் கூற வரவில்லை. நீருட் புகுந்து எழுதல், உறவு அறுதல், பின்னர் மீண்டும் குடும்பங்களோடு கூடுதல் என்னும் ஒரே வரிசை இரண்டிடத்தும் அமைந்திருத்தலே எம் கருத்தை ஈர்க்கின்றது. உறவை அறுத்தல் இவ்விரு வரலாற்றிலும் முடிவு அன்று, இடைநிலை. தாயை நோக்கி வைகுண்டர் கூறிய சொல்லையும் இவ்வொளியிலேயே காணல் வேண்டும்.

சீக்கிய வரலாற்றில் இச்சிக்கல் ஒருவர் வடிவிலேயே எழுந்தது. நானக்கின் மூத்த மகன் சிரீ சந்த் மணம் புரியாது துறவு பூண்டு உதாசி என்னும் கூட்டத்திற்கு முதல்வரானார். தந்தையோ 1539-இல் தம் மக்கள் இருவரையும் விடுத்து, மணம் புரிந்து வாழ்ந்த இலேணா என்பாரை அங்கதர் எனப் பெயரிட்டு அடுத்த குருவாக்கினார். மூன்றாம் குரு அமர்தாசர் உதாசியரைச் சீக்கியரினின்றும் வேறாகப் பிரித்தார். நான்காம் குரு இராமதாசர் பாடிய இலாவான் பாடல்கள் இன்றும் சீக்கியர் திருமணத்திற்கு உயிர்நிலையாக உள்ளன. ஆறாம் குருவின் மூத்த மகனார் குருதித்தரை உதாசியர் தலைமைக்கு அளித்தமையால் இரு சாராரிடையே பகை நிலைக்கவில்லை என்பதும் அறியத்தக்கது. 1664-இல் இளம்பருவத்திலேயே மறைந்த எட்டாம் குருவை ஒழித்து ஏனைக் குருமார் அனைவரும் இல்லறத்தாரே.

ஈண்டு ஓர் இடர்ப்பாட்டையும் கூறல் வேண்டும். இல்லறத்தாரைத் தலைவராகக் கொள்ளும் நெறிக்கு வழியுரிமைச் சிக்கல் உடன்பிறந்தது. துறவியர் மடத்தில் தலைமை மாணாக்கன்பாற் செல்லும். தருமபுரம், திருவாவடுதுறை ஆதீனங்களை நோக்குக. இல்லறத்தார் தலைமையோ குருதிவழியிற் செல்ல விழையும். நானக் அதனை ஒருமுறை தடுத்தார்; எனினும் நான்காம் குரு முதலாகத் தலைமை ஒரே குடியில் தங்கிற்று. 1851-இல் வைகுண்டர் மறைந்தபின் சாமித்தோப்புப் பதியின் பொறுப்பும் குடும்ப வழியினர்பாலே வந்தது. குடும்பத்தைத் தவத்திற்கு உரியதாக்கிய நெறி, குடும்பச் சொத்தின் வழக்குகளையும் உடன் ஏற்க வேண்டியதாயிற்று. துறவைப் போற்றுவோர் இதனைச் சுட்டிக் குறை கூறுவராயின் அவர் கூற்றில் உண்மை உண்டு. மடங்களும் வழக்குமன்றம் ஏறாதன அல்ல என்பதனை மட்டும் யாம் நினைவூட்டுவோம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. மேற்கே கருங்கல் போன்ற ஊர்களில் மணம் புரியாத கத்தோலிக்கக் குருவையும் மனைவி மக்களோடு வாழும் சீர்திருத்தச் சபைப் போதகரையும் மக்கள் ஒருங்கே அறிவர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாடியில் பணிபுரிந்த இரிங்கல்தௌபே தனியர். அவருக்குப்பின் நாகர்கோவிலுக்கு வந்தோருள் மனைவியரோடு வாழ்ந்தாரும் உளர். பெண்கல்வியும், மார்த்தா மால்ட் அம்மையார் கற்பித்த பின்னல் வேலையும் அவ்வம்மையார் வழியாகவே இந்நாட்டு மகளிரை அடைந்தன. வைகுண்டர் காலத்து மக்கள் இருவகை வாழ்வையும் கண்முன் கண்டவர். அவ்வட்டாரத்து ஊர்களில் அன்புவழியினரின் நிழல்தாங்கல்களும் உள.

நூலின் குறையையும் கூறுதல் திறனாய்வாளர் கடன். வைகுண்டர் ஏழு கன்னியரையும் பிற தேவியரையும் மணக்கும் பகுதிகள் பாட்டளவில் தளர்ந்தவை. துவையல் தவசுப் பகுதியில் உள்ள இறுக்கம் ஆங்கு இல்லை. வருணனை மீண்டும் மீண்டும் வருகின்றது. இத்தேவியரை மணத்தல் ஆற்றல்கள் அனைத்தும் ஒருவனுள் ஒடுங்குதலைக் குறிக்கும் என்று விளக்குவர். அவ்விளக்கத்தை ஏற்பினும், திருமாலம்மாளைப் பற்றிப் பாடும்போது உள்ள மனிதச் சூடு தேவியரைப் பற்றிப் பாடும்போது குறைந்துவிடுதலைச் செவியுடையார் உணர்வர். இல்லறத்தை உயர்த்த முற்பட்ட புலவர், தம் நூலின் உண்மை மனைவியை நடுவழியில் மறந்துவிட்டாரோ என்னும் ஐயம் எமக்கு உண்டு. நூலைத் துறவு நூல் என்போர்க்கு வலிமை தருவது தவப்பகுதி அன்று; இம்மறதியே.

எனினும் மக்கள் வழக்கு அப்பகுதிகளையே பெரிதும் போற்றுகின்றது. 1939-இல் அச்சேறிய பின்னரும் இந்நூல் தனியிருந்து படிக்கும் நூலாகவில்லை. பதினேழு நாள் திரு ஏடுவாசிப்பில் இசையோடு படிக்கக் கேட்கும் நூலாகவே நிற்கின்றது. அவ்வாசிப்பின் இறுதிப் பகுதியில் வரும் திருக்கல்யாண இகனை விழாவாகவே கொண்டாடப்படுகின்றது. அகிலத்தின் திருமண வாழ்த்து அன்புவழியினர் இல்லத் திருமணங்களிலும் பாடப்படுகின்றது. யாம் தளர்ந்தன எனக் கூறிய அடிகள், மணவறையில் அமர்ந்திருக்கும் இருவரை நோக்கிச் சுற்றத்தார் நடுவே பாடப்படும்போது வேறோர் ஓசை பெறுகின்றன. அம்மணப் பகுதிகளை ஏட்டில் வைத்து மட்டும் மதிப்பிட்ட எம் முதற் கருத்தை அவ்வளவில் திருத்திக்கொள்கின்றோம்.