இரவும் இளைஞர் உரிமையும்

பராயமடையாதோரை இரவில் வீட்டுள் நிறுத்தும் ஊரடங்குச் சட்டம் ஐக்கிய அமெரிக்காவுக்குப் புதியதன்று. 1880 இல் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமகா நகரில் தோன்றிய இவ்வழக்கம், 1990களில் குற்றம் பற்றிய அச்சம் மிகுந்தபோது பல நகரங்களிற் பரவியது. அச்சட்டங்களை நீதிமன்றங்கள் மதிப்பிட்ட முறை ஆழ்ந்து நோக்கற்பாலது.

டெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரம் 1991 இல் இயற்றிய சட்டம், 17 வயதுக்குட்பட்டோர் வார நாட்களில் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் இருப்பதைத் தடுத்தது. மீறுவோர்க்குத் தண்டம் 500 டொலர் வரை. பெற்றோருடன் செல்லல், தொழில், கருத்து வெளிப்பாடு முதலியவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 1993 இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் இச்சட்டம் செல்லுமெனத் தீர்த்தது. சான் டியேகோ நகரின் 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தையோ, 1997 இல் மற்றொரு வட்டாரத்து மேன்முறையீட்டு நீதிமன்றம் தெளிவற்றதென்றும் அரசியல் யாப்புக்கு முரணானதென்றும் தள்ளியது.

இரு மன்றுகளும் கைக்கொண்ட அளவுகோல் ஒன்றே. அடிப்படை உரிமையைக் குறுக்கும் சட்டம் இன்றியமையாப் பொதுநலனுக்காக, வேண்டிய அளவுக்கு மிகாது அமைதல் வேண்டும் என்பதே அது. டலஸ் சட்டத்தைக் காத்தவை அதன் விரிந்த விலக்குகளே. ஆயின் விலக்குகள் பெருகுவதால் உரிமை நிலைபெற்றுவிடுமா? எத்தவறும் இழையாது தெருமுனையில் நண்பனுடன் உரையாடி நிற்கும் இளைஞன் எவ்விலக்கிலும் அடங்கான். வளர்ந்தோர்க்கு இயல்பாயுள்ள நடமாட்டம் அவனுக்குக் காரணங் காட்டிப் பெறவேண்டிய அனுமதியாகிறது. குற்றத்தை அரசு நிரூபிக்க வேண்டும் என்ற நெறி இங்கு தலைகீழாகின்றது.

இளையோர் இரவில் வன்முறைக்கு இரையாவதும் உண்டென்பதை மறுத்தற்கில்லை. அவர்களைக் காத்தல் அரசின் கடனே. எனினும் ஊரடங்கு வேளையில் இளையோர் புரிந்த குற்றங்கள் எத்தனை என்பதற்குத் திட்டமான தரவு டலஸ் நகரிடம் இருக்கவில்லை. இதனை ஒப்புக்கொண்ட மன்று, பொதுவான புள்ளிவிவரங்களே போதுமெனக் கொண்டது. கடும் அளவுகோல் இவ்விடத்து நெகிழ்ந்துவிட்டது. 2016 இல் வெளியான தொகுப்பாய்வொன்று 12 ஆய்வுகளைச் சீர்தூக்கி, இத்தகைய ஊரடங்குகள் குற்றத்தைக் குறைத்தமைக்குச் சான்றில்லை என முடிவு கண்டது.

2023 இல் டெக்சாஸ் சட்டமன்றம், அவசரகால நிலை தவிர்ந்த வேளைகளில் இளையோர்க்கு ஊரடங்கு விதிக்கும் அதிகாரத்தை நகரங்களிடமிருந்து நீக்கியது. நீதிமன்றம் காவாத உரிமையைச் சட்டமன்றம் மீட்டமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் சட்டமன்றம் தந்ததைப் பின்னொரு சட்டமன்றம் பறித்தலுங் கூடும். யாப்பின் காவல் வேண்டப்படுவது அதனாலேயே.